எது குளிர்? ஈரல் கொழுப்பும் சுண்டெலிக் கூட்டின் வெப்பநிலையும்

நுவரெலியாவில் தை மாதக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைச் சாய்த்தால் எண்ணெய் வராது. வெள்ளையாக இறுகிப்போயிருக்கும், அடுப்புக்குப் பக்கத்திலோ வெயிலிலோ சற்று நேரம் வைத்த பிறகுதான் தலைக்குத் தடவ முடியும். ஏறத்தாழ 24 பாகை செல்சியஸில் தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்குவதால், கொழும்பில் அந்தக் காட்சியை ஏசி அறை அலுமாரியிலோ குளிர்சாதனப் பெட்டியிலோதான் காணலாம். இதைச் சிறு வயது முதல் பார்த்து வளர்ந்த நாமே, குளிர்ந்த நீரில் நாள்தோறும் குளித்தால் ஈரலில் படிந்த கொழுப்பு கரைந்துவிடும் என்று எவராவது சொன்னால் தலையாட்டிவிடுகிறோம். குளிர் கொழுப்பை இறுகச் செய்யுமே தவிரக் கரைக்காது. உயிருள்ள உடலுக்குள் அது செய்யும் வேலை வேறு: எரிபொருள் கேட்கிறது. அந்தக் கேள்விக்கு ஈரல் எப்படிப் பதில் சொல்கிறது என்பது, விலங்கு எது, எத்தனை மணி நேரம் குளிரில் இருந்தது, வயிற்றில் உணவு இருந்ததா, அதற்கு முன்னர் எந்த வெப்பநிலையில் வளர்ந்தது என்பவற்றைப் பொறுத்து அடியோடு மாறக்கூடியது.

களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் ராகமப் பகுதியில் 35 முதல் 64 வயது வரையான நகர்ப்புற மக்களிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், 32.6 வீதமானோருக்கு மதுவுடன் தொடர்பில்லாத ஈரல் கொழுப்பு நோய் காணப்பட்டது. ஏறத்தாழ மூவரில் ஒருவர். ஸ்கேன் அறிக்கையில் 'ஃபேட்டி லிவர், முதலாம் நிலை' என்ற வரியோடு வீட்டுக்கு ஒருவராவது இருக்கும் ஊரில், குளிர் வைத்தியக் காணொளிகள் குடும்ப வட்சப் குழுக்களில் சுற்றத்தான் செய்யும். என் பெரியம்மாவின் அறிக்கை வந்த வாரத்தில் எனக்கு மட்டும் அப்படி நான்கு வந்து சேர்ந்தன. பேசியவர்கள் வேறு வேறு ஆட்கள். ஆனால் அவர்கள் ஆதாரமாகக் காட்டிய உயிரினம் நான்கிலும் ஒன்றேதான். ஆகவே அந்தச் சுண்டெலியிடமிருந்தே தொடங்குவோம்.

ஆய்வுகூடச் சுண்டெலியின் நிறை 25 முதல் 30 கிராம் வரை. உடலின் பருமனோடு ஒப்பிட்டால் அதன் தோற்பரப்பு மிகப் பெரிது. சிறிய கோப்பையில் ஊற்றிய தேநீர் விரைவில் ஆறுவதைப்போல அதன் உடலும் விரைவில் வெப்பத்தை இழக்கிறது. கூடுதலாக எதையும் எரிக்காமல் உடல் வெப்பநிலையை அது காத்துக்கொள்ளக்கூடிய சுற்றுச்சூழல் வெப்பநிலை ஏறத்தாழ 30 பாகை. அதற்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு பாகைக்கும் அது எரிபொருளால் விலை கொடுக்க வேண்டும். தொடக்கத்தில் தசைகள் நடுங்கி வெப்பம் தருகின்றன. குளிர் நீடித்தால் நடுக்கம் படிப்படியாகக் குறைந்து, தோள்பட்டைகளுக்கு இடையில் இருக்கும் கபிலக் கொழுப்பு அந்த வேலையை ஏற்றுக்கொள்கிறது. இந்த இழையத்தை மார்மட் என்னும் மலைக் கொறிவிலங்கில் கண்ட சுவிட்சர்லாந்து இயற்கையியலாளர் கொன்ராட் கெஸ்னர், கொழுப்பும் அல்லாத தசையும் அல்லாத ஒன்று என்று 1551இலேயே குறித்துவைத்தார். அது எதற்காக இருக்கிறது என்பது தெளிவாக நான்கு நூற்றாண்டுகள் எடுத்தன. கனடாவின் ஃபாஸ்டரும் ஃப்ரைட்மனும் 1978இல், குளிருக்குப் பழகிய எலிகளின் உடலில் எந்த இழையத்துக்கு எவ்வளவு இரத்தம் பாய்கிறது என்று அளந்து, நடுக்கமின்றி உண்டாகும் வெப்பத்தின் பெரும்பகுதி இந்தச் சிறிய இழையத்திலிருந்தே வருகிறது என்று காட்டினர். அதன் கலங்களுக்குள் எரிபொருளை எரிக்கும் நுண்ணுறுப்புகளான இழைமணிகளில் உள்ள யூசிபி1 என்னும் புரதம், எரித்துக் கிடைக்கும் சக்தியை ஏடிபி என்ற சக்தி மூலக்கூறாகச் சேமிக்க விடாமல் நேரடியாக வெப்பமாக வெளியேற்றுகிறது.

அடுப்பு அங்கே இருக்கிறது; விறகு எங்கிருந்து வருகிறது? கபிலக் கொழுப்பின் சொந்தக் கையிருப்பு நெடுநேரம் தாங்காது. தோல் உணர்ந்த குளிர் மூளையின் ஐப்போதலமசை எட்டியதும், பரிவு நரம்புகள் உடலெங்கும் உள்ள வெள்ளைக் கொழுப்பில் நோர்அட்ரினலினைச் சுரக்கின்றன. அங்கே ட்ரைகிளிசரைட் என்ற வடிவில் சேமிக்கப்பட்டிருந்த கொழுப்பு உடைந்து கொழுப்பமிலங்களாக இரத்தத்தில் இறங்குகிறது. கொழுப்பைச் சேமிக்கச் சொல்லும் இன்சுலின் குறைந்து, அதற்கு எதிராகச் செயற்படும் குளூக்ககன் கூடியிருக்கும் வேளை என்பதால் இந்த உடைப்புக்குத் தடையும் இல்லை. இரத்தத்தில் வரும் கொழுப்பமிலங்களின் கணிசமான பங்கு ஈரலை அடைகிறது. ஈரல் தனக்குத் தேவை எவ்வளவு என்று பார்த்து அளந்து எடுப்பதில்லை. இரத்தத்தில் வரும் அளவு கூடக் கூட அது உள்ளெடுக்கும் அளவும் கூடுகிறது.

புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்த நிலை நன்றாகப் புரியும். பண்டிகைக்கு முந்திய வாரத்தில் வியாபாரம் எவ்வளவு சூடாக நடந்தாலும் கடைக்குள் கால் வைக்க இடம் இருக்காது. விற்பதைவிட வேகமாக லொறிகள் இறக்கிக்கொண்டிருக்கும். குளிரின் முதல் நாளில் ஈரலும் அப்படித்தான். வந்த கொழுப்பமிலத்தில் ஒரு பகுதியை அது தன் இழைமணிகளிலேயே எரித்து, மற்ற உறுப்புகள் எரிபொருளாகக் கொள்ளும் கீற்றோன்களாக்கி வெளியே அனுப்புகிறது. வேறொரு பகுதியை ட்ரைகிளிசரைட்டாக மீண்டும் கட்டி, விஎல்டிஎல் என்னும் துணிக்கைகளில் பொதிசெய்து இரத்தத்தில் விடுகிறது. எஞ்சியதைச் சிறு துளிகளாகத் தன் கலங்களுக்குள்ளேயே அடுக்கிவைக்கிறது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஆண் சுண்டெலிகளை 4 பாகையில் 24 மணி நேரம் வைத்தபோது ஈரலின் ட்ரைகிளிசரைட் அளவு இருமடங்காகியது. அதே ஈரல்களில், புதிதாகக் கொழுப்பு உற்பத்தி செய்யும் ஜீன்களின் செயற்பாடு குறைந்திருந்தது. விஎல்டிஎல் வெளியேற்றமும் குறைந்திருந்தது. ஈரல் தானாகக் கொழுப்பைச் செய்து குவிக்கவில்லை, வந்திறங்கிய சரக்கு தேங்கியிருந்தது என்றுதான் இதைப் பொருள்கொள்ள முடியும். ஓர் இரவு பட்டினி கிடந்த சுண்டெலியிலும் ஈரல் கொழுப்பு இப்படியே ஏறும். காணொளிகள் சொன்னதற்கு நேர் எதிரான இந்த முடிவு, குளிர் பற்றி ஈரலிடம் கேட்கப்பட்ட மிக நேரடியான கேள்விகளில் ஒன்றுக்குக் கிடைத்த பதில் என்பதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்தச் சரக்குப் பாதையில் இன்னொரு கிளை இருப்பது 2017இல்தான் தெளிவாயிற்று. ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஜுடித் சிம்காக்ஸும் கிளாடியோ வில்லனுவேவாவும் அவர்களது குழுவினரும், குளிரில் வைத்த சுண்டெலிகளின் இரத்தத்தில் எந்தெந்தக் கொழுப்பு வகைகள் மாறுகின்றன என்று முழுமையாகக் கணக்கெடுத்தார்கள். அசைல்கார்னிட்டின் என்ற வகை தெளிவாக ஏறியிருந்தது. கொழுப்பமிலம் இழைமணிக்குள் தானாக நுழைய முடியாது. கார்னிட்டின் என்ற சிறு மூலக்கூறு அதைச் சுமந்துகொண்டு போய் உள்ளே இறக்க வேண்டும். புறக்கோட்டை ஒழுங்கைகளில் லொறி நுழையாத இடத்துக்கு மூட்டை சுமந்து செல்லும் நாட்டாமியின் வேலை அது. பொதுவாக இது ஒரே கலத்துக்குள் நடந்து முடியும் வேலை. ஆனால் குளிரில் ஈரல், மூட்டையை நாட்டாமியின் தலையில் ஏற்றி, அந்த நிலையிலேயே (அதுதான் அசைல்கார்னிட்டின்) இரத்தத்தில் அனுப்பிவிடுகிறது. கபிலக் கொழுப்பு அதை எடுத்து எரிக்கிறது. வெள்ளைக் கொழுப்பிலிருந்து வரும் கொழுப்பமிலங்களே ஈரலில் எச்என்எஃப்4 அல்ஃபா என்னும் புரதத்தைத் தூண்டி இந்த ஏற்பாட்டைத் தொடக்கிவைக்கின்றன என்று அந்த ஆய்வு காட்டியது. வெள்ளைக் கொழுப்பின் உடைப்பைத் தடுத்தால் ஈரலும் அசைல்கார்னிட்டின் அனுப்புவதில்லை.

அதே ஆய்வில் வயது முதிர்ந்த சுண்டெலிகளும் இருந்தன. குளிரைத் தாங்க முடியாமல் உடல் வெப்பம் சரிந்துகொண்டிருந்த அவற்றுக்குக் கார்னிட்டினோ, கொழுப்பமிலம் ஏற்றிய கார்னிட்டினோ கொடுத்தபோது தாங்கும் திறன் மேம்பட்டது. அடுப்பு கெட்டுவிடவில்லை, விறகு வந்து சேரவில்லை என்ற விளக்கத்துக்கு இது நல்ல சான்று. பாமசிகளில் விற்கும் கார்னிட்டின் குளிசைகளுக்கு இதை விளம்பரமாக்குவது வேறு கதை. 4 பாகையில் நின்ற கிழட்டுச் சுண்டெலிக்கு உதவியது, பம்பலப்பிட்டியில் 30 பாகையில் பஸ்ஸுக்கு நிற்பவருக்கு ஏன் உதவ வேண்டும் என்ற கேள்விக்கு அந்த விளம்பரங்களில் பதில் கிடையாது.

அதே ஆண்டில் வெளிவந்த வேறு இரு ஆய்வுகளும் இந்தப் படத்தை உறுதிசெய்கின்றன. கபிலக் கொழுப்பு தன்னிடம் உள்ள கொழுப்புத் துளிகளை உடைக்க முடியாதபடி ஜீன் மாற்றப்பட்ட சுண்டெலிகள், உணவு கிடைத்த நிலையில், குளிரைத் தாங்கிக்கொண்டன. அதுவரை பாடநூல்கள் கபிலக் கொழுப்பின் உள் உடைப்பு இன்றியமையாதது என்றே சொல்லிவந்தன. எரிபொருள் வெளியிலிருந்து வந்துகொண்டிருக்கும் வரை உள் கையிருப்பு தேவையில்லை என்றால், விநியோகத்தை நடத்தும் உறுப்புகளான வெள்ளைக் கொழுப்பும் குடலும் ஈரலும்தான் குளிரில் உயிர்வாழ்வதைத் தீர்மானிக்கின்றன என்றாகிறது.

இனி இரத்தத்தின் பக்கம் வருவோம். ஈரலின் பங்கு எவ்வளவு நுட்பமானது என்பதை அங்கே நடந்த ஒரு முரண்பாடு காட்டுகிறது. ஹம்பர்க் நகரில் அலெக்சாண்டர் பார்டெல்ட், யோர்க் ஹீரன் முதலியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், குளிரில் ஒரு நாள் வைத்த சுண்டெலிகளின் இரத்த ட்ரைகிளிசரைட் பெரிதும் சரிந்தது. ட்ரைகிளிசரைட் நிறைந்த துணிக்கைகளைக் கபிலக் கொழுப்பு விரைந்து பற்றிக்கொண்டதே காரணம். குளிர் ஒரு மருந்தாகலாம் என்ற நம்பிக்கை அப்போதுதான் வலுப்பெற்றது. இரண்டே ஆண்டுகளில், சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவகத்தில் யிஹாய் காவின் குழு அதற்கு நேர்மாறான ஒன்றைக் கண்டது: குளிரில் வைத்த சுண்டெலிகளின் நாடிச் சுவர்களில் கொழுப்புப் படிவு பெருகியதோடு, அப்படிவுகள் எளிதில் உடையக்கூடியவையாகவும் மாறின. ஒரே குளிர், ஒரே இனம், இரண்டு எதிர்ப்பட்ட முடிவுகள்.

முடிச்சு ஈரலில் இருந்தது. கபிலக் கொழுப்பு ஒரு துணிக்கையிலிருந்து ட்ரைகிளிசரைட்டை உறிஞ்சிய பிறகு, கொலஸ்ட்ரோல் செறிந்த மிச்சம் இரத்தத்தில் எஞ்சும். அதை அப்புறப்படுத்துவது ஈரலின் பொறுப்பு. அதற்கு ஏபோ ஈ என்ற புரதமும், துணிக்கைகளைப் பிடித்து உள்ளெடுக்கும் எல்டிஎல் வாங்கியும் வேண்டும். சுவீடன் ஆய்வில் பயன்படுத்தப்பட்டவை, நாடித் தடிப்பை விரைவாக உண்டாக்குவதற்காக இவ்விரண்டில் ஒன்று நீக்கப்பட்ட சுண்டெலிகள். அவற்றின் ஈரலுக்கு மிச்சத்தைப் பிடிக்கும் கை இல்லை. கபிலக் கொழுப்பு வேகமாக வேலை செய்யச் செய்ய இரத்தத்தில் மிச்சமும் பெருகியது. நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் 2015இல், ஈரலின் இந்தப் பாதை திறந்திருக்கும் சுண்டெலிகளில் கபிலக் கொழுப்பை மருந்தால் தூண்டியபோது, கொலஸ்ட்ரோலும் நாடிப் படிவும் குறைந்தன; பாதை அடைபட்ட சுண்டெலிகளில் அந்தப் பயன் கிடைக்கவில்லை. கடையில் சாப்பாடு எவ்வளவு வேகமாகப் பரிமாறப்பட்டாலும் எச்சில் இலையை எடுக்க ஆளில்லாவிட்டால் அந்தக் கடையின் கதி என்னவாகும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

ஈரலுக்கு வந்து சேர்ந்த அந்தக் கொலஸ்ட்ரோல் அங்கேயே தங்கிவிடுவதும் இல்லை. ஹம்பர்க் குழுவினர் 2017இல் தொடர்ந்து காட்டியபடி, குளிரில் ஈரல் சைப்7பி1 என்ற நொதியத்தைக் கூட்டி, கொலஸ்ட்ரோலைப் பித்த அமிலங்களாக மாற்றிக் குடலுக்கு அனுப்புகிறது. மலத்தோடு வெளியேறும் பித்த அமிலத்தின் அளவு ஏறுகிறது, குடல் நுண்ணுயிர்களின் கலவையும் அதற்கேற்ப மாறுகிறது. கொழுப்பு உண்மையிலேயே உடலை விட்டு வெளியேறும் வழி ஒன்று குளிரில் திறப்பது இங்கேதான்.

ஒரு நாளைத் தாண்டி வாரக்கணக்கில் குளிர் நீடித்தால் கதை மீண்டும் மாறுகிறது. கொழுப்பு மிகுந்த உணவு உண்ணும் சுண்டெலிகளை நீண்ட காலம் குளிரில் வைத்த பல ஆய்வுகளில் ஈரல் கொழுப்பு குறைந்தே காணப்படுகிறது. கபிலக் கொழுப்பு வளர்ந்து, வெள்ளைக் கொழுப்பின் சில பகுதிகளிலும் யூசிபி1 தோன்றி, எரிக்கும் கொள்ளளவு வரவை எட்டிப்பிடித்துவிடுகிறது; தேங்கிய சரக்கு நகர்கிறது. ஆனால் குளிரில் வாழும் சுண்டெலி மிகக் கூடுதலாக உண்கிறது. அந்த உணவைக் கையாளக் குடலும் ஈரலும் பருத்துவிடுகின்றன. ஆகவே 'ஈரல் பெரிதாகிவிட்டது' என்ற அளவீட்டை மட்டும் பார்த்து நோய் என்று முடிவு கட்டுவதும் தவறு. நாளில் சில மணி நேரம் மட்டும் குளிரூட்டிவிட்டுத் திரும்ப வெப்பத்தில் விட்டால், இழந்ததை உண்டு ஈடுசெய்துகொள்ள அதற்கு வாய்ப்பு இருக்கிறது. குளிர்ந்த நீர்க் குளியலோடு ஒப்பிட வேண்டியது இந்த இடைவிட்ட குளிரைத்தானே ஒழிய, 4 பாகையில் கழித்த நான்கு வாரங்களை அல்ல.

இத்தனைக்கும் அடியில் இருக்கும் கேள்விக்கு இப்போது வரலாம். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் கவனத்துக்குரியதாகப் படுவது அதுதான். 'சாதாரண' சுண்டெலி எந்த வெப்பநிலையில் வாழ்கிறது? உலகின் பெரும்பாலான விலங்கு ஆய்வு அறைகள் 20 முதல் 24 பாகைக்குள் வைக்கப்படுகின்றன. மேல்கோட்டும் கையுறையும் அணிந்து அறைக்குள் நடமாடும் மனிதருக்கு அது இதமானது. 30 பாகையை விரும்பும் சுண்டெலிக்கோ அது ஓயாத இளங்குளிர். 22 பாகையில் வாழும் சுண்டெலி, இதமான வெப்பத்தில் வாழும் சுண்டெலியைவிட ஒன்றரை மடங்குக்குக் குறையாத சக்தியைச் செலவிட வேண்டியிருக்கிறது. அதாவது, குளிரின் விளைவை ஆராயாத ஆய்வுகளிலும் குளிர் ஒரு பங்காளியாகவே இருந்துவந்திருக்கிறது.

யூசிபி1 ஜீன் நீக்கப்பட்ட சுண்டெலிகள் 1997இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டபோது, அவை குளிரைத் தாங்கவில்லை, ஆனால் பருக்கவும் இல்லை. கபிலக் கொழுப்புக்கும் உடற்பருமனுக்கும் தொடர்பில்லை என்று பலர் முடிவுகட்டினர். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2009இல், சுவீடன் ஆய்வாளர்கள் அதே வகைச் சுண்டெலிகளை 30 பாகை அறையில் வளர்த்தார்கள்; அங்கே அவை பருத்தன. குளிரான அறையில் யூசிபி1 இல்லாத சுண்டெலி நடுங்கி நடுங்கியே சக்தியைச் செலவழித்துக்கொண்டிருந்ததால் வித்தியாசம் மறைந்திருந்தது. ஜீன் மாறவில்லை, உணவின் வகை மாறவில்லை. அறையின் வெப்பமானி எட்டுப் பாகை ஏறியது, முடிவு தலைகீழானது.

ஈரலில் இதன் விளைவை அமெரிக்காவின் சின்சினாட்டி ஆய்வாளர்கள் 2017இல் நேரடியாகக் காட்டினர். கொழுப்பு மிகுந்த உணவை 22 பாகை அறையில் உண்ட சுண்டெலிகளைவிட, 30 பாகையில் உண்டவற்றின் ஈரல் நோய் கடுமையாக இருந்தது; அழற்சி கூடியது, குடற்சுவரின் கசிவும் நுண்ணுயிர்க் கலவையும் மாறின. பெண் சுண்டெலிகளுக்குக் கொழுப்பு உணவால் ஈரல் நோய் எளிதில் வருவதில்லை என்பது அதுவரை துறையில் ஒரு பெரிய தொல்லையாக இருந்தது. ஆண்களை மட்டும் வைத்தே ஆய்வுகள் நடந்தன. 30 பாகையில் பெண்களுக்கும் நோய் வந்தது. மனித ஈரல் நோயைச் சுண்டெலியில் உருவாக்குவது ஏன் அவ்வளவு கடினமாக இருந்தது என்பதற்கு, அறையின் ஏசி ஒரு பகுதிக் காரணம் என்று இதன்படி சொல்லலாம்.

இந்தக் கோணத்தில் பார்த்தால், குளிர் ஈரலைக் காப்பாற்றுகிறது என்ற தலைப்பையே திருப்பி எழுத வேண்டிவரும்: இதமான வெப்பமும் கொழுப்பு உணவும் சேரும்போது ஈரல் தன் இயல்பான பாதிப்பைக் காட்டுகிறது, ஆய்வுகூடத்தின் இளங்குளிர் அதை மறைத்துவந்தது. கொழும்பின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 27 - 28 பாகையளவில் இருக்கிறது. வெள்ளவத்தைச் சந்தைப் பின்புறத்தில் ஓடும் சுண்டெலி, ஹம்பர்க்கிலோ யூட்டாவிலோ 'கட்டுப்பாட்டுக் குழு' என்று பெயர் பெற்ற சுண்டெலியைவிடத் தன் இதமான நிலைக்கு மிக நெருக்கமாக வாழ்கிறது. ஆடை அணிந்த மனிதரும் அப்படித்தான்; ஆண்டு முழுவதும் நம் உடல் குளிருக்காக எரிக்க வேண்டியது ஏறத்தாழ ஒன்றுமில்லை.

சுண்டெலியை விட்டு வேறு விலங்குகளுக்குப் போனால் பொதுவிதி என்று சொல்லத்தக்கது மேலும் சுருங்குகிறது. பன்றியின் மூதாதைகள் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே யூசிபி1 ஜீனைச் செயலிழக்கச் செய்துவிட்டன. பிறந்த பன்றிக்குட்டியின் உடலில் கொழுப்பும் சொற்பம், அதன் ஈரலுக்குக் கொழுப்பமிலத்தைக் கீற்றோனாக்கும் திறனும் சொற்பம். தாயின் பால் கிடைக்கும் வரை அது ஈரலிலும் தசையிலும் சேமித்த சீனியான கிளைக்கோஜனை நம்பியே நடுங்குகிறது. குட்டிகளுக்கு மேலே வெப்ப விளக்குத் தொங்கவிடுவதன் காரணம் அதுதான்.

கோழிக்கு யூசிபி1 கிடையாது. அதோடு, கோழியின் உடலில் புதிய கொழுப்பு உற்பத்தியாவது பெரும்பாலும் ஈரலில். சந்தையில் கோழிக்கடைக்காரர் வயிற்றைக் கீறி ஈரலை எடுத்து வைக்கும்போது கவனித்துப் பாருங்கள்: நாட்டுக்கோழியின் ஈரல் கருஞ்சிவப்பாக, விரலால் அழுத்தினால் உறுதியாக இருக்கும், கூட்டில் அடைத்துத் தீனி போட்டு வளர்த்த, முட்டையிட்டு ஓய்ந்த கோழியின் ஈரல் சில வேளைகளில் வெளிறிய களிமண் நிறத்தில், தொட்டால் குழைந்துபோகும் பதத்தில் இருக்கும், கத்தியிலும் ஒரு வழுவழுப்புப் படியும். கூண்டு முட்டைக்கோழிகளில் ஈரல் கொழுத்து, இறுதியில் உள்ளே இரத்தம் கசிந்து கோழி திடீரென இறந்துபோகும் ஒரு நோய் உண்டு. சக்தி மிகுந்த தீனி, அசைவின்மை ஆகியவற்றோடு வெப்பமான காலநிலையும் அதைக் கூட்டும் காரணி என்பது கோழி வைத்தியர்கள் நெடுங்காலமாக அறிந்தது. உடல் வெப்பம் காக்கச் செலவு குறையும்போது உண்டது ஈரலில் தங்குகிறது. (முட்டையிலிருந்து அன்று வெளிவந்த குஞ்சின் ஈரலும் மஞ்சளாகத்தான் இருக்கும், அது நோயில்லை, மஞ்சட்கருவின் கொழுப்பு இடம்மாறி வந்திருப்பது.)

மீனுக்குக் குளிர் இன்னொரு வகைச் சிக்கல். பெரும்பாலான மீன்கள் உடலைச் சூடாக வைத்திருக்க வெப்பம் உண்டாக்குவதில்லை. உடல் நீரோடு சேர்ந்தே குளிர்கிறது. அப்போது கலமென்சவ்வின் கொழுப்பு, நுவரெலியாப் போத்தலில் தேங்காய் எண்ணெய் இறுகுவதைப்போல விறைத்துப்போகும் அபாயம் இருக்கிறது. கெண்டை மீன்களை 30 பாகை நீரிலிருந்து படிப்படியாக 10 பாகைக்குக் குளிர்வித்த பிரித்தானிய ஆய்வாளர்கள் 1996இல் காட்டியபடி, அவற்றின் ஈரல், நிரம்பிய கொழுப்பமிலங்களை நிரம்பாதவையாக மாற்றும் டெசாச்சுரேஸ் என்ற நொதியத்தைச் சில நாட்களுக்குள் பெருக்கிக்கொள்கிறது. நிரம்பாத கொழுப்பு குளிரிலும் இளகியிருக்கும். இங்கே ஈரல் கொழுப்பைக் கூட்டவோ குறைக்கவோ முனையவில்லை, அதன் தரத்தை மாற்றுகிறது. தரை அணில்கள் போன்ற குளிர்கால உறக்க விலங்குகள் இன்னொரு எல்லை: அவை குளிரோடு போராடாமல் உடல் வெப்பநிலையையே உறைநிலைக்கு அருகே சில பாகைகள் என்ற அளவுக்கு இறங்க விட்டு, கோடையில் சேர்த்த கொழுப்பைச் சிறுகச் சிறுக எரித்து மாதக்கணக்கில் கிடக்கின்றன. ஈரல் கொழுத்து நோயுறாமல் அவ்வளவு கொழுப்பைக் கையாளும் அந்தத் திறமைக்காகவே அவற்றை ஆராய்பவர்கள் இருக்கிறார்கள்.

மனிதரைப் பொறுத்தவரை, வளர்ந்தவர்களிடமும் செயற்படும் கபிலக் கொழுப்பு உண்டு என்பது 2009இல் ஒரே வேளையில் வெளிவந்த மூன்று ஆய்வுகளால் உறுதியாயிற்று. ஆனால் உடல் நிறையோடு ஒப்பிட்டால் சுண்டெலியிடம் இருப்பதற்கு அது ஈடாகாது; வயதோடும் உடற்பருமனோடும் அது குறைந்தும் போகிறது. ஈரலில் கொழுப்பு உள்ளவர்கள்தான் பெரும்பாலும் அந்த வயதிலும் அந்தப் பருமனிலும் இருப்பவர்கள். பெரியம்மாவுக்கு வைத்தியர் சொன்னது சோற்றைக் குறைத்து, மாலையில் நடக்க வேண்டும் என்றுதான். காலிமுகத்திடலில் காற்று எவ்வளவு வீசினாலும் அந்த நடையில் வேலை செய்வது கால் தசைகளே.

குளிரும் ஈரலும் பற்றிய செய்தி கையில் கிடைக்கும்போது, மூல ஆய்வின் செய்முறைப் பகுதியில் பெரும்பாலும் ஒரே வரியில் ஒதுங்கிக் கிடக்கும் அறை வெப்பநிலையை முதலில் தேடுவதை நான் வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன். கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் 22 பாகையில் சுண்டெலிகள் வளர்க்கப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். 2022இல் நாம் கண்டதைப்போல நீண்ட மின்வெட்டு வந்து, ஏசி நின்று, அறை அன்று பிற்பகலுக்குள் 30 பாகைக்கு ஏறுகிறது. பராமரிப்பாளர் யன்னலைத் திறந்துவிட்டு, விலங்குகள் வெப்பத்தால் துன்பப்படுகின்றன என்று பதிவேட்டில் எழுதக்கூடும். கூட்டுக்குள்ளோ, குளிருக்காகக் கட்டிய பஞ்சுக் கூட்டை விட்டு வெளியே வந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதை நிறுத்தி, சுண்டெலிகள் தனித்தனியே கால் நீட்டிப் படுத்திருக்கும்; தீனித் தட்டில் அன்று மிச்சம் இருக்கும்.